ஆறு பட்டை, ஒரு வேட்டி

கார் ரேஸில் ஓட்டுகிறவர்கள் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடை இடுக்கில் இரண்டு என்று பட்டைகளால் தங்களைக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எதற்காக அப்படி என்று நான் யோசித்ததே கிடையாது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

ரேஸ் ஓட்டுவீர்களா என்று கேட்காதீர்கள். நான் குடியிருப்பது லண்டனின் வடமேற்கு ஓரம். தெருவில் வேக வரம்பு மணிக்கு இருபது மைல். என்னை முந்திப் போகிறவர்களில் பால் வாங்கப் போகும் சைக்கிள்காரர்களும் உண்டு.

வண்டி ஒரு 1973 எம்ஜிபி. இரண்டே சீட், மடக்கும் டாப், முன்னால் நீண்ட பானட். எம்.ஜி. கார் வாங்கியிருக்கிறேன் என்று ஊருக்குப் போன் செய்தபோது பெரியப்பா பரவசமாகிவிட்டார். "தலைவர் ஓட்டினதாடா?" இல்லை பெரியப்பா, மாரிஸ் கராஜஸ், ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் என்று விளக்கினேன். ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி, வேற என்ன விசேஷம்?"

அபூர்வமான வண்டி என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் இதை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள் என்பதை மனைவி தானே தேடிக் கண்டுபிடித்தாள். நல்லவேளை, அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது.

ஆனாலும் இதற்கு ரேஸ் பரம்பரை உண்டு. 1963-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய எம்ஜிபி, மணலில் புதைந்து நின்று, ஓட்டியவரே தோண்டி வெளியே எடுத்து, அப்படியும் 12-ஆவது இடத்தில் முடித்தது. இதை நான் விருந்தாளிகள் எல்லாரிடமும் சொல்வேன். பின்னால் தள்ளிவிட ஆள் தேவைப்படும்போது முக்கியமாகச் சொல்வேன்.

1.8 லிட்டர் எஞ்சின். புதிதாக இருந்தபோது 95 குதிரைத்திறன் என்றார்கள். அதில் எத்தனை குதிரை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் எங்கேயோ படித்தேன்: ஃபார்முலா ஒன்னில் ஆறு முனை ஹார்னஸ், அதாவது அந்த ஆறு பட்டைக் கட்டு, கட்டாயமானது 1972-இல். அதற்கு முன் பெல்ட்டே போடாமல் ஓட்டியவர்கள் நிறைய. தீப்பிடிக்கும் வண்டிக்குள் மாட்டிக்கொள்வதைவிட வெளியே தூக்கி எறியப்படுவதே மேல் என்று நினைத்த காலம் அது. என் வண்டி 1973. ஒரு வருடம் பிந்தி வந்த வண்டிக்கு நியாயமாகச் சேர வேண்டிய பொருள் ஐம்பது வருடமாகக் கிடைக்காமல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இப்படியெல்லாம் தோன்றும்போது பேசாமல் படுத்துத் தூங்கிவிட வேண்டும்.

நான் ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் தேடினேன். 'அதிகம் பயன்படுத்தாதது' என்ற குறிப்போடு நான்கு முனை ஹார்னஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆறு முனையும் இருந்தது. ஆனால் தொடை இடுக்கில் பட்டை வருவது எனக்குக் கூச்சமாக இருந்தது. பாதுகாப்புச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கக் கூச்சம் ஓர் அளவுகோலாக இருக்கலாமா என்று கேட்டால், புடவை எடுப்பது போல் நிறம் பார்த்து வாங்கியவனிடம் இதெல்லாம் கேட்கக்கூடாது.

படத்தில் சிவப்பு. வந்தது ரோஸ்.

வெயிலில் கிடந்து வெளுத்திருக்கிறது. வெளுத்தால் என்ன, துணிதானே என்று நினைத்தேன். வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தோடு நூலின் பலத்தையும் தின்றுவிடும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பட்டையில் ஒரு லேபிள் தைத்திருந்தது. உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை, 8854/98 என்று ஒரு எண், கீழே ஒரு வருடம். தயாரித்த வருடம் என்று எடுத்துக்கொண்டேன். அது காலாவதி வருடம். ரேஸ் பெல்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருடம்தான். ஒருமுறை பலமாக மோதினால் அந்த ஐந்தும் கிடையாது, பட்டை இழுபட்டு நீண்டுவிடும் என்பதால் தூக்கிப் போட வேண்டும். ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிறவன் நான். உயிரைக் கட்டும் பட்டையில் பார்க்கவில்லை.

மாட்டுகிற வேலை ஒரு சனிக்கிழமை காலை காப்பிக்கும் டிபனுக்கும் நடுவில் முடிந்துவிடும் என்று கணக்கு. எந்தச் சனிக்கிழமை என்றுதான் முடிவு செய்யவில்லை.

முதலில் போல்ட். பழைய மூன்று முனை பெல்ட் இருந்த ஓட்டையிலேயே இடுப்புப் பட்டையை மாட்டிவிடலாம். என்னிடம் இருந்த 10 மில்லி போல்ட் உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. 12 மில்லி நுழையவே மறுத்தது. அப்படியானால் 11 என்று மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "சீட் பெல்ட்டுக்கா?" என்றார். ஏறக்குறைய உலகம் முழுக்க சீட் பெல்ட் போல்ட் ஒரே அளவுதானாம்: 7/16 அங்குலம், யூஎன்எஃப் மரை, அங்குலத்துக்கு இருபது சுற்று. பெல்ட்டோடு வந்த பிளாஸ்டிக் பைக்குள் அதே போல்ட்டுகள் இருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்திருந்தேன். கண்ணில் பட்ட முதல் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன்.

அடுத்தது பட்டையைக் கோப்பது. மூன்று கம்பி வைத்த ஒரு சின்ன இரும்புத் துண்டு வரும். பட்டையை அதற்குள் விட்டு, கொக்கியில் சுற்றி எடுத்து, மறுபடி அதே துண்டுக்குள் திருப்பிவிட்டு, கடைசியில் ஒரு நான்கு அங்குலமாவது வால் தொங்க வேண்டும். திருப்பிவிடுகிற அந்த ஒரு சுற்றுதான் சூட்சுமம். இழுக்க இழுக்கப் பட்டை தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். நான் ஒரு தடவை விட்டு எடுத்தேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. சீட்டில் உட்கார்ந்து ஆசையாக ஓர் இழுப்பு இழுத்தேன். முழுப் பட்டையும் மடியில் வந்து விழுந்தது.

இன்னொன்று. இடுப்புப் பட்டையை இறுக்குவதில் இரண்டு வகை இருக்கிறது, மேல் நோக்கி இழுப்பது, கீழ் நோக்கி இழுப்பது. யாருக்குத் தெரியும்? நான் வாங்கியது கீழ் நோக்கி. எம்ஜிபி சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் என் முழங்கை நுழைய இடமில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இறுக்கி, பிறகு கதவைச் சாத்த வேண்டும். இறுக்கிய பிறகு கதவு எட்டாது.

இனி தோள் பட்டை. சீட்டுக்குப் பின்னால் எங்காவது ஓட்டை போட்டு மாட்ட வேண்டும். ட்ரில்லை எடுத்தேன். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓட்டை போடுவது என்ற வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. ட்ரில் பிட் கார்ப்பெட் நூலைப் பிடித்துச் சுருட்டி, மொத்தக் கார்ப்பெட்டையும் பிடுங்கிக்கொண்டு சுழன்றது. நான் பயந்து விட்டுவிட்டுப் பார்த்தால், அடியில் ஒரு தகர மூடி. மூடிக்குக் கீழே பேட்டரி. ஒன்றில்லை, ஆறு வோல்ட்டில் இரண்டு. அந்தக் காலத்து எம்ஜிபியில் பேட்டரி இருப்பது சீட்டுக்குப் பின்னால். வண்டி வாங்கியதிலிருந்து பானட்டைத் திறந்து பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

சரி, இன்னும் பின்னால் போவோம் என்று டிக்கியைத் திறந்தேன். இந்தத் தடவை புத்திசாலித்தனமாக வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். டிக்கித் தரைக்கு நேர் கீழே பெட்ரோல் டேங்க். ட்ரில்லை வைத்துவிட்டு ஒரு காப்பி குடித்தேன். மனைவி அதுவரை மேல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இறங்கி வந்து, வண்டியின் இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். என்னுடைய இன்ஷூரன்ஸ் பேப்பரையும் சேர்த்துக் கேட்டாள்.

கடைசியில் சீட்டுக்கு நேர் பின்னால் தரையில் கொஞ்சம் வெறும் தகரம் கிடைத்தது. இரண்டு ஓட்டை, இரண்டு போல்ட், அடியில் ஆளுக்கொரு வாஷர். முடிந்தது. உட்கார்ந்து கட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். மனைவி பார்த்துவிட்டு, "ஊர்ல மாட்டுக்குக்கூட இத்தனை கயிறு கட்ட மாட்டாங்க" என்றாள்.

கட்டிக்கொண்டு ஓட்டிய அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். தோள் இரண்டும் சீட்டோடு ஒட்டியிருக்கும். சோக் எட்டாது. லைட் சுவிட்ச் எட்டாது. தெரு முனையில் முன்னால் எட்டிப் பார்க்காமல் குறுக்கே வரும் வண்டி தெரியாது. எட்டிப் பார்க்க முடியாது. ரிவர்ஸ் எடுக்கத் திரும்பவும் முடியாது. நான் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்யக்கூடியவன் ஆகியிருந்தேன்.

பார்க்கிங் மெஷின் இன்னும் மோசம். எம்ஜிபி தரையோடு தரையாகப் போகிற வண்டி, டிக்கெட் தருகிற மெஷின் என் தலைக்கு மேலே. பெல்ட்டைக் கழற்றி, எழுந்து, டிக்கெட்டைப் பிடுங்கினேன். தடுப்பு மேலே போனது. மறுபடி உட்கார்ந்து நான்கு பட்டையையும் மாட்டி நிமிர்ந்தேன். தடுப்பு கீழே வந்தது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்கவில்லை. தன் எஞ்சினை அணைத்துவிட்டார்.

உங்களுக்கும் இப்படி ஒரு பொருள் வீட்டில் இருக்கும். டிரெட்மில்லோ, கிட்டாரோ. அதனால் என்னைப் புரிந்துகொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் தொடர்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார். ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுபோனேன். பாராட்டுவார் என்று டாப்பை வேறு மடித்து வைத்திருந்தேன். சீட்டுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உது ஆர் அண்ணை பூட்டினது?"

"நானேதான் தம்பி."

"அதான் பாத்தன்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். தோள் பட்டை தோளிலிருந்து கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில் பின்னால் போக வேண்டும். சரிவு 45 டிகிரிக்கு மேல் போகவே கூடாது. நான் மாட்டியிருந்தது ஏறக்குறைய செங்குத்து. "அடிபட்டா பெல்ட் உங்களைப் பின்னுக்குப் பிடிக்காது அண்ணை, கீழ இழுக்கும். முள்ளந்தண்டு நொறுங்கிப்போம்."

வண்டிக்கு அடியில் போய் வாஷரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எஃப்ஐஏ விதிப்படி ஒவ்வொரு தோள், இடுப்பு முனையும் கிட்டத்தட்ட ஒன்றரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும். புதிதாக ஓட்டை போட்டால் அடியில் மூன்று மில்லி கனத்தில், குறைந்தது 40 சதுர செண்டிமீட்டர் இரும்புத் தகடு வைக்க வேண்டும். என் வாஷரை அவர் விரலால் அசைத்தார். அசைந்தது.

"அது போக, வண்டி பிரண்டா என்ன செய்வியள்?"

யோசிக்கவில்லை என்றேன்.

"பழைய பெல்ட் எண்டா கொஞ்சமாவது பக்கத்தில சரியலாம். இதில நிமிந்துகொண்டு அப்பிடியே இருப்பியள். கூரையும் இல்ல. உங்கட தலைதான் தூண்."

அங்கேயே உட்காரத் தோன்றியது. பெல்ட்டைக் கழற்றாமல் இறங்க முடியாதவன் என்பதால் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

கூச்சப்பட்டு நான் வேண்டாம் என்ற அந்தத் தொடை இடுக்குப் பட்டைக்கும் அன்றே விளக்கம் கிடைத்தது. நான்கு முனை ஹார்னஸில் தோள் பட்டைகள் இறுகும்போது நடுவில் இருக்கும் பக்கிளை மேலே தூக்கும். இடுப்பெலும்பில் உட்கார வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் உடம்பு அதற்கு அடியில் வழுக்கிக்கொண்டு முன்னால் போய்விடும். சப்மரைனிங் என்பார்கள். வயிற்றில் எலும்பு இல்லை. பட்டை குடலைத்தான் அமுக்கும். அதைத் தடுக்கத்தான் கீழேயிருந்து அந்தப் பட்டைகள். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கட்டாயம் வேணும் அண்ணை" என்றார்.

இதற்குப் பிறகாவது பழைய பெல்ட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பாதியில் விட்டால் மானம் போகும். மானம் ஏற்கெனவே போயிருந்ததால், அதை மீட்க ரோல் பார் வாங்கினேன். சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புக் குழாய், தோள் பட்டையைச் சுற்ற நடுவில் ஒரு குறுக்குக் குழாய். புது ஆறு முனை ஹார்னஸ், 8853-2016 முத்திரை, இந்த முறை தேதி பார்த்தேன். தலைக்குக் கீழே பட்டை போக ஓட்டை வைத்த சீட். எல்லாம் தம்பிதான் மாட்டினார். பட்டையின் விலையைவிட அதைச் சரியாக மாட்டுவதற்கு ஆன செலவு பல மடங்கு. இந்தத் தகவல் என் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் பத்திரிகையை உள்ளே வைப்பேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. வெயிலும் வந்தது, லண்டனில் இரண்டும் சேர்ந்து வருவது அரிது. டாப்பை மடித்துக்கொண்டு ஹைகேட் முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். நான் பட்டு வேட்டி.

ஆறு முனை ஹார்னஸை வடிவமைத்தவர்கள் வேட்டியை மனதில் வைத்துச் செய்யவில்லை. இரண்டு பட்டை கால்களுக்கு நடுவிலிருந்து வர வேண்டும். நடுவில் வேட்டி. ஒதுக்கிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மையார் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் உள்ளே போய்விட்டார். கடைசியில் தார்ப்பாய்ச்சுக் கட்டி, ஆறு முனையையும் கிளிக் கிளிக் என்று மாட்டினேன்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்தி பக்கிளைத் திருகினேன். ஆறு பட்டையும் ஒரே நேரத்தில் விடும். ரேஸில் தீப்பிடித்தால் நொடியில் வெளியேற அந்த ஏற்பாடு. நானும் நொடியில் வெளியேறினேன். வேட்டியின் ஒரு முனை பட்டையோடு உள்ளேயே இருந்துவிட்டது. மனைவி அர்ச்சனைக் கூடையோடு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே நடந்தாள். முருகனாவது கோவணத்தோடு நிற்பதை ஏற்றுக்கொண்ட சாமி.

அடுத்த வாரம் இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தேன். வண்டியில் எதை மாற்றினாலும் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி. எடுத்த பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"பந்தயத்தில் ஓட்டுவீர்களா?"

"இல்லை."

"ட்ராக்கில்?"

"இல்லை."

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் கேட்கவில்லை. "காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும், சார்?"

அழகு என்று சொல்ல வாய் வரவில்லை. பாதுகாப்பு என்று சொன்னேன். அவர் மேலும் எதுவும் கேட்காதது அவருடைய நல்ல வளர்ப்பு.

பாதுகாப்பு என்று சொல்லிவிட்டோமே, கொஞ்சம் படிக்கலாம் என்று அப்புறம்தான் உட்கார்ந்தேன். பந்தய முத்திரை வேறு, சாலையில் போடும் பெல்ட்டுக்கான ஒப்புதல் முத்திரை வேறு. சில ஹார்னஸில் இரண்டும் இருக்கும், என்னுடையதில் ஒன்றுதான். அதைவிடப் பெரிய விஷயம், உடம்பை இப்படி அசையாமல் கட்டிவிட்டால் மோதலில் முன்னால் பாய்வது தலை மட்டும்தான். மொத்த வேகமும் கழுத்தில் இறங்கும். 2001-இல் டேடோனா பந்தயத்தில் ரேஸ் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து. ராபர்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரும், ரேஸ் ஓட்டுநரான அவர் மைத்துனர் ஜிம் டவுனிங்கும் இப்படி முறிவதைத் தடுக்கவே அதற்கு முன்பே ஹான்ஸ் என்று தோளில் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும் கருவியைச் செய்தார்கள். ஃபார்முலா ஒன்னில் 2003 முதல் கட்டாயம். ஆக ஹார்னஸ் என்றால் ஹான்ஸ் வேண்டும், ஹான்ஸ் என்றால் ஹெல்மெட் வேண்டும். வேட்டி, விபூதி, ஹெல்மெட் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன்.

மூன்று முனை பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். 1959-இல் வால்வோவில் நில்ஸ் போலின் என்ற எஞ்சினியர் வடிவமைத்தது. எல்லாரும் செய்துகொள்ளட்டும் என்று கம்பெனி காப்புரிமையைத் திறந்தும்விட்டது. ஒரு கையால் மாட்டலாம், பார்க்கிங் டிக்கெட் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், அது என் வண்டியில் முதலிலிருந்தே இருந்தது. ரோல் பார் அப்படியே நிற்கிறது. அதற்காவது ஒரு நியாயம் உண்டு என்று தம்பி சொல்லிவிட்டார்.

அந்த ரோஸ் பட்டை இப்போது சென்னைக்குப் போகும் 23 கிலோ பெட்டியைச் சுற்றிக் கட்டப் பயன்படுகிறது. மீனம்பாக்கத்தில் பெல்ட்டில் சுற்றி வரும்போது தூரத்திலேயே தெரிகிறது. புதுச் சிவப்புப் பட்டை பெட்டி பிரிக்காத மாதிரி மடித்து வைத்திருக்கிறேன், ஒரே ஒரு கோயில் வரை போனது. மேல் நோக்கி இழுக்கும் வகை, போல்ட்டுகள் பத்திரமாக உள்ளேயே இருக்கின்றன. உங்கள் வண்டியில் ரோல் பாரும், கழுத்தில் ஹான்ஸும், இடுப்பில் பேன்ட்டும் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டில் இல்லாத நேரம் வந்து, விலையைப் பற்றி மட்டும் என் மனைவியிடம் பேசாதீர்கள்.